விமான நிக்கல்-காட்மியம் பேட்டரி பராமரிப்பு: கழற்றுவதிலிருந்து மறுபடி மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படித்து முடித்து முதன்முதலாக பேட்டரி ஷாப்பில், அதாவது பேட்டரி பராமரிப்புப் பட்டறையில், வேலைக்குச் சேர்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விமானத்துக்கான பேட்டரியையும் மின்மாற்றுக் கருவிகளையும் செய்யும் நிறுவனங்கள் என்ன செய்து அனுப்புகின்றன, அந்தப் பெட்டி உங்கள் மேசைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் மற்றவர்களும் படிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஷாப்களில் பேட்டரி வேலை என்றால் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று ஒரு சொல்லை எழுதி அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அது பாதி வேலைதான். பேட்டரி விமானத்தில் இருந்த நாட்களில் அதற்கு எப்படி மின்னேற்றம் நடந்தது என்பதன் பதிவு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு தண்ணீர் குடித்தது, எது சீக்கிரம் சூடானது, எந்த நட்டு கருகியிருக்கிறது என்பதையெல்லாம் படிக்கத் தெரிந்தால், பேட்டரியோடு சேர்ந்து விமானத்தின் ஜெனரேட்டர், டி.ஆர். (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் கருவி), சார்ஜர் ஆகியவற்றின் நலத்தையும் சொல்லிவிடலாம்.

யார் செய்கிறார்கள்

நிக்கல்-காட்மியம் செல்லை 1899-ல் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர். இன்று பெரிய பயணிகள் விமானங்களில் அதிகம் பார்ப்பது பிரான்ஸின் சாஃப்ட் நிறுவனத்தின் பேட்டரிகளை. 1918-ல் தொடங்கிய நிறுவனம் அது. 2016-ல் டோட்டல் எண்ணெய் நிறுவனம் அதை வாங்கியது. அமெரிக்காவின் மாரத்தான் பேட்டரிகளும் ஷாப்களில் நன்றாகப் பழகிய பெயர். இந்தியாவில் ஹைதராபாத்தின் எச்.பி.எல். 1977-லிருந்து இயங்குகிறது. நம் ஊர்ப் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் ஹை எனர்ஜி பேட்டரீஸ் இருக்கிறது. டார்பீடோவுக்கான வெள்ளி-துத்தநாக பேட்டரியும் விமானத்துக்கான நிக்கல்-காட்மியம் பேட்டரியும் அங்கே தயாராகின்றன. திருச்சிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தொழிற்சாலை இருப்பது ஏ.எம்.இ. மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

முதலில் சுற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்வோம். என்ஜின் ஜெனரேட்டர் தருவது 115/200 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ் ஏ.சி. வீட்டில் இருப்பதுபோல் 50 ஹெர்ட்ஸ் வைக்காததற்குக் காரணம் எடை. அதிர்வெண் கூடினால் அதே சக்திக்கான டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கரு சிறிதாகிவிடும்.

ஆனால் ரிலே, கணினி, அவசர விளக்கு போன்ற பலவற்றுக்கு 28 வோல்ட் டி.சி. வேண்டும். ஏ.சி.யை டி.சி. ஆக்குவது டி.ஆர்., அதாவது டிரான்ஸ்பார்மர்-ரெக்டிஃபையர். ஏ320-ல் இரண்டு முக்கிய டி.ஆர்.களும் அவசரத்துக்கென ஒரு டி.ஆர்.உம் உண்டு, ஒவ்வொன்றும் 200 ஆம்பியர் வரை தரும். எதிர்த்திசையில் மாற்றுவது ஸ்டாட்டிக் இன்வெர்ட்டர்: பேட்டரியின் டி.சி.யை 115 வோல்ட் 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஃபேஸ் ஏ.சி. ஆக்கும், திறன் 1 கே.வி.ஏ. எல்லா ஜெனரேட்டர்களும் போய்விட்டால் சில முக்கியக் கருவிகள் இதை நம்பித்தான் ஓடும்.

பேட்டரி இரண்டு. ஒவ்வொன்றும் 23 ஆம்பியர்-மணி, எடை சுமார் 25 கிலோ. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு பி.சி.எல். (மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உண்டு. பேட்டரி எப்போது டி.சி. பஸ்ஸோடு (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பொதுத் தடம்) சேர வேண்டும், எப்போது பிரிய வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். மின்னழுத்தம் 26.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னேற்றம் தொடங்கும். ஏறும் மின்னோட்டம் 4 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் தரையில் உடனேயும் பறக்கும்போது சிறிது நேரம் கழித்தும் துண்டிக்கும். விமானி காக்பிட்டில் உட்கார்ந்ததும் பேட்டரி 25.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வெளிமின்சாரம் கொடுத்து 20 நிமிடம் மின்னேற்ற வேண்டும்.

இதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று. விமானத்தில் பேட்டரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய மாறாத மின்னழுத்தம். ஷாப்பில் நாம் கொடுப்பது மாறாத மின்னோட்டம். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

ஏன் இவ்வளவு கவனம்

20 செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், மொத்தம் 24 வோல்ட். 28.5 வோல்ட் பஸ்ஸில் போட்டால் செல் ஒன்றுக்கு 1.43 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். செல் நிறைந்த பிறகும் சிறிது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும்.

நேர்த்தகட்டில் பிறக்கும் ஆக்சிஜன் எதிர்த்தகட்டைத் தொடாமல் இருக்க நடுவில் மெல்லிய செபரேட்டர் உண்டு. வெப்பத்தாலும் வயதாலும் அது கிழிந்தால் ஆக்சிஜன் காட்மியம் தகட்டை அடைந்து வினைபுரியும். வெப்பம் பிறக்கும், செல்லின் மின்னழுத்தம் இறங்கும். பஸ் மின்னழுத்தம் மாறாமல் இருப்பதால் இன்னும் அதிக மின்னோட்டம் உள்ளே நுழையும். இன்னும் சூடு, இன்னும் இறக்கம், இன்னும் மின்னோட்டம். இதுதான் தெர்மல் ரன்அவே. ஒரு கட்டத்துக்குப் பிறகு தானாக நிற்காது. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 25.1353, என்ஜினையோ துணை என்ஜினான ஏ.பி.யு.வையோ ஸ்டார்ட் செய்யும் நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு தானியங்கி மின்னேற்றக் கட்டுப்பாடோ, வெப்பத்தையோ பழுதையோ உணர்ந்து எச்சரித்து பேட்டரியைத் துண்டிக்கும் வழியோ இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஷாப் தயாரா?

லெட்-ஆசிட் பேட்டரிக்கும் நிக்கல்-காட்மியத்துக்கும் ஒரே அறை கூடாது. ஒரே புனல், ஒரே ஹைட்ரோமீட்டர், ஒரே பிரஷ் எதுவும் கூடாது. ஒன்று கந்தக அமிலம், மற்றது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அமிலத்தின் ஆவி பட்டாலே நிக்கல் செல் கெடும். இந்த விஷயத்தில் சமரசமே வேண்டாம். இடம் இல்லை என்று யாராவது சொன்னால், ஒரு வகை பேட்டரியை வேறு ஷாப்புக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

காற்றோட்டம் முக்கியம். நிறைந்த செல்லில் 1 ஆம்பியர்-மணி கூடுதலாகப் பாய்ந்தால் ஏறக்குறைய 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 20 செல்லுக்கு 8 லிட்டருக்கு மேல். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும்.

கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் போடுங்கள். மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள். 24 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். மோதிரம் விரலோடு சேர்ந்து வெந்துவிடும். ஸ்பேனரின் பிடிக்கு மட்டுமின்றித் தண்டுக்கும் இன்சுலேஷன் வேண்டும். காரம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி 3 சதவீத போரிக் அமிலக் கரைசல் தடவலாம். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது விடாமல் தண்ணீரில் அலசிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

மேசையில் அந்த பேட்டரியின் பார்ட் நம்பருக்கு உரிய சி.எம்.எம். (தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு) திறந்திருக்க வேண்டும். இங்கே நான் தரும் அளவுகள் பொதுவாக வழங்குபவை. உங்கள் சி.எம்.எம். வேறு எண்ணைச் சொன்னால் அதுவே சரி.

படி 1: விமானத்திலிருந்து கழற்றுதல்

பேட்டரி சுவிட்ச் ஆஃப், வெளிமின்சாரம் ஆஃப், சர்க்யூட் பிரேக்கருக்கு டேக். பிறகு கைச்சக்கரம் உள்ள கனெக்டரைத் திருகி எடுங்கள். அப்போதே கனெக்டரின் உட்பக்கத்தைப் பாருங்கள். பின்கள் நீலம் பாய்ந்தோ கருகியோ இருந்தால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கனெக்டர் விமானத்திலேயே இருந்துவிடுவதால் ஷாப்பில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. கழற்றும் ஆள் பார்க்காவிட்டால் புது பேட்டரியும் சூடாகும்.

25 கிலோவைக் குனிந்து இழுக்காதீர்கள், இரண்டு பேர் தூக்குங்கள்.

படி 2: வரும்போது இருந்த நிலையை எழுதுதல்

கழுவும் முன் பாருங்கள், எழுதுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். மூடியைத் திறந்ததும் வென்ட் கேப்பைச் (செல்லின் வாயு வெளியேறும் வால்வு மூடி) சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருக்கும். கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆவதுதான் அது. கொஞ்சம் இருப்பது இயல்பு. ஒரே ஒரு செல்லைச் சுற்றி மட்டும் குவிந்திருந்தால் அந்தச் செல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான லிங்க்கில் நிறம் மாறியிருக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா, செல்லின் பிளாஸ்டிக் உடல் உப்பியிருக்கிறதா, வெப்ப உணரியின் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செல் எண்ணை 1 முதல் 20 வரை கட்டம் போட்டு எழுதும் வழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இன்சுலேஷன் சோதனை

செல் முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. மெக்கரை (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) 250 வோல்ட் டி.சி.யில் வைத்து அளந்து சி.எம்.எம். வரம்போடு ஒப்பிடுங்கள். குறைவாக வந்தால் பெரும்பாலும் செல்களுக்கிடையே படிந்த காரம்தான் காரணம். நன்றாகச் சுத்தம் செய்து உலர்த்தி மறுபடி அளந்தும் குறைவாகவே வந்தால் ஏதோ ஒரு செல்லின் உடலில் விரிசல் இருக்கும்.

படி 4: மீதிச் சார்ஜை இறக்குதல், ஷார்ட் செய்தல்

புதிதாக வருபவர்கள் ‘இருக்கும் சார்ஜை ஏன் வீணாக்க வேண்டும்’ என்று கேட்பது இங்கேதான். 20 செல்லும் ஒரே அளவு நிறைந்திருப்பதில்லை. விமானத்தில் மாறாத மின்னழுத்தத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் சில செல் முந்தும், சில செல் பிந்தும். எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒரே கோட்டிலிருந்து ஓட்டத்தைத் தொடங்க முடியும்.

சி.எம்.எம். சொல்லும் மின்னோட்டத்தில் இறக்குங்கள். தொடராக இணைந்திருப்பதால் பலவீனமான செல் முதலில் காலியாகும்; மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளினால் அதன் துருவம் தலைகீழாகும். அதனால் ஒவ்வொரு செல்லும் குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு இறங்கியதும் அதற்குக் குறுக்கே 1 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். சில தயாரிப்புகளில் நேரடி ஷார்ட்டிங் கிளிப் உண்டு. அப்படியே ஓர் இரவு, அதாவது 12 முதல் 16 மணி நேரம் விடுங்கள். பேட்டரி அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ‘விமானம் நிற்கிறது, சீக்கிரம் கொடு’ என்று ஹேங்கரிலிருந்து போன் வரும். இருப்பில் ஒரு ஸ்பேர் பேட்டரி வைத்திருப்பதுதான் அதற்கான பதில்.

படி 5: சுத்தம், வால்வு, டார்க்

வென்ட் கேப்கள் மூடியிருக்கும்போது நைலான் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, அழுத்தம் குறைந்த உலர்காற்றால் ஊதுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் ஒரு கம்பி இரண்டு லிங்க்குக்கு நடுவே விழுந்தாலே போதும், ஷார்ட் ஆகிவிடும். கரைப்பான், பெட்ரோல், கிரீஸ் நீக்கி எதுவும் செல் உடலில் படக்கூடாது.

வென்ட் கேப்பைக் கழற்றி டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்துக் கழுவி, வால்வைச் சோதியுங்கள். பொதுவாக 2 முதல் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள் திறக்க வேண்டும். 10 தாண்டியும் திறக்காத வால்வு செல்லை உப்ப வைக்கும். 2-க்கு முன்பே திறப்பது காரத்தை வெளியே விடும். கரியமில வாயுவையும் உள்ளே விடும்.

பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் கேலிபரேட் செய்த டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த நட்டு ஸ்டார்ட் நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்க முடியாமல் பொறி தட்டும், பக்கத்திலேயே ஹைட்ரஜன் இருக்கும்.

படி 6: மின்னேற்றம்

இரண்டு வழி உண்டு. ஒன்று, திறனில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம். 23 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது 2.3 ஆம்பியர். மற்றது, திறனில் பாதி அளவு மின்னோட்டத்தில், அதாவது 11.5 ஆம்பியரில், செல்கள் 1.57 வோல்ட்டை எட்டும்வரை வேகமாக ஏற்றிவிட்டு, கடைசி 4 மணி நேரம் 2.3 ஆம்பியரில் முடிப்பது. இரண்டாவதில் நேரம் மிச்சம், ஆனால் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தொடங்கும்போது வென்ட் கேப்களைத் தளர்த்தி அதன் இடத்திலேயே வையுங்கள். தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒரு செல்லின் மின்னழுத்தம் மற்றவற்றை விட்டுத் தனியாக மேலே ஓடினால் அது வறண்டிருக்கிறது. சி.எம்.எம். சொல்லும் சிறிய அளவு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். வறண்ட செல்லைத் தவிர வேறு எதற்கும் இந்த நேரத்தில் தண்ணீர் விடாதீர்கள்.

கடைசி அரை மணி நேரத்தில் 20 செல்லையும் தனித்தனியாக அளந்து கட்டத்தில் எழுதுங்கள். 1.5 வோல்ட்டை எட்டாத செல் சந்தேகத்துக்கு உரியது. இதைவிட முக்கியமானது, உச்சம் தொட்டுவிட்டு இறங்கும் செல். ஒரு மணி நேரத்துக்கு முன் 1.56 இருந்து இப்போது 1.51 என்றால், 1.5-க்கு மேல்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உடலைத் தொட்டுப் பாருங்கள், பக்கத்துச் செல்லைவிடச் சூடாக இருக்கும். செபரேட்டர் போகத் தொடங்கிவிட்டது. அதனால்தான் ஒரே ஒரு அளவீடு போதாது, குறைந்தது இரண்டு வேண்டும்.

படி 7: தண்ணீர் மட்டம்

ஷாப்பில் மிகவும் பொறுமை கேட்கும் வேலை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இந்தச் செல்லில் காரத்தின் அடர்த்தி சார்ஜோடு சேர்ந்து மாறாது. நிறைந்தாலும் காலியானாலும் ஏறக்குறைய 1.24 முதல் 1.30 வரைதான். எனவே லெட்-ஆசிட்டைப் போல ஹைட்ரோமீட்டரை வைத்துச் சார்ஜ் சொல்ல முடியாது. மாறுவது மட்டம். இறங்கிய செல்லில் தகடுகள் காரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மட்டம் கண்ணுக்கே தெரியாது. நிறைந்ததும் வெளியே விடும், மட்டம் ஏறும். இறங்கிய நிலையில் ‘வறண்டு கிடக்கிறதே’ என்று தண்ணீர் ஊற்றினால், ஏற்றும்போது காரம் பொங்கி வென்ட் வழியே வழியும். பெட்டி முழுக்க வெள்ளைத் தூளோடு வரும் பேட்டரிகளில் பல இப்படித்தான் கெட்டிருக்கும். ஆக, மட்டம் பார்க்க ஒரே நேரம்தான்: மின்னேற்றத்தின் கடைசி 15 முதல் 30 நிமிடம், மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது.

முறை இது. சிரிஞ்சின் முனையில் அந்தச் செல் வகைக்கு உரிய நீளமுள்ள நாசில் மாட்டியிருக்கும். நாசிலின் தோள் வால்வு இருக்கையில் உட்காரும்வரை நேராக இறக்குங்கள். பிஸ்டனை மெல்ல இழுங்கள். காரம் வந்தால் மட்டம் நாசில் முனைக்கு மேலே இருக்கிறது. நாசில் காற்றை இழுக்கும்வரை எடுத்து வெளியேற்றுங்கள். காற்று மட்டும் வந்தால் மட்டம் குறைவு. சிரிஞ்சில் 5 சி.சி. டிஸ்டில்ட் வாட்டர் எடுத்து உள்ளே விடுங்கள், நாசிலை எடுக்காமலேயே மறுபடி இழுங்கள். இன்னும் காற்றுதான் என்றால் இன்னொரு 5 சி.சி. கொஞ்சம் காரம் சிரிஞ்சுக்குள் ஏறி வந்ததும் நிறுத்துங்கள், மட்டம் சரியாகிவிட்டது. திரும்பி வந்ததைக் கழித்து, அந்தச் செல்லுக்கு எத்தனை சி.சி. போயிற்று என்று உடனே எழுதுங்கள். 20 செல்லையும் முடித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் அந்தக் கட்டத்துக்கு மதிப்பே இல்லை.

குழாய்த் தண்ணீர், மினரல் வாட்டர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். டிஸ்டில்ட் அல்லது டீ-அயனைஸ்டு மட்டும்.

தண்ணீர்க் கணக்கைப் படிப்பது எப்படி

1 ஆம்பியர்-மணி கூடுதல் மின்னேற்றம் ஒரு செல்லில் 0.336 கிராம் தண்ணீரைப் பிரிக்கும். இது வேதியியல் விதி, எந்தத் தயாரிப்புக்கும் மாறாது. அப்படியானால் ஒரு செல் 10 சி.சி. குடித்திருந்தால், கடந்த முறை ஷாப்பிலிருந்து போன பிறகு அதற்குள் சுமார் 30 ஆம்பியர்-மணி தேவைக்கு மேல் பாய்ந்திருக்கிறது. அந்த 30-ஐ இடைப்பட்ட பறப்பு மணிகளால் வகுத்து, அதே விமானத்தின் முந்தைய கணக்கோடு ஒப்பிடுங்கள்.

எல்லாச் செல்லும் சமமாக, ஆனால் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்திருந்தால் குறை பேட்டரியில் இல்லை. பஸ் மின்னழுத்தம் கூடியிருக்கலாம், பி.சி.எல். துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காமல் விட்டிருக்கலாம். டி.ஆர்.ஐயும் சந்தேகப்படுங்கள். அதன் டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் நிலைச் சுருளில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு இணைப்புகள் வைத்து அலைகளை நெருக்கி டி.சி.யின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறார்கள். ஒரு டயோடு திறந்துபோனால் சராசரி மின்னழுத்தம் சரிபோலவே தெரியும், ஆனால் அந்த ஏற்ற இறக்கம் (ரிப்பிள்) கூடி பேட்டரியைச் சூடாக்கும். சாதாரண மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்தால் இது தெரியாது, ஏ.சி. அளவில் வைத்துப் பாருங்கள், ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. வெயிலும் ஒரு காரணம். சென்னையில் மே மாத மதியம் விமான நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானத்தின் பேட்டரி அறை சூடானால், அதே மின்னழுத்தத்தில் கூடுதல் மின்னோட்டம் ஏறும்.

ஒரு செல் மட்டும் அதிகம் குடித்திருந்தால் வால்வோ உடலோ கசிகிறது.

ஒரு செல் மட்டும் *குறைவாகக்* குடித்திருந்தால்? நல்ல செல் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மேலே சொன்ன செபரேட்டரை நினைத்துப் பாருங்கள். அது கிழிந்தால் ஆக்சிஜன் வெளியேறாமல் காட்மியம் தகட்டிலேயே வினைபுரிந்துவிடுகிறது. தண்ணீர் செலவாகவில்லை, அதற்குப் பதிலாக வெப்பம் பிறந்திருக்கிறது. தெர்மல் ரன்அவேக்கு முதல் அறிகுறி பல நேரம் இந்தச் சிறிய எண்தான். மின்னேற்றத்தின் முடிவில் உச்சம் தொட்டு இறங்கிய செல்லும் குறைவாகக் குடித்த செல்லும் ஒன்றாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அந்தச் செல்லை மாற்றுங்கள். எத்தனை செல் வரை மாற்றலாம், எப்போது மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்பதற்கு சி.எம்.எம்.-ல் வரம்பு உண்டு.

படி 8: திறன் சோதனை

நிறைந்த பேட்டரியைச் சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு, முழுத் திறன் மின்னோட்டத்தில், 23 ஆம்பியர்-மணிக்கு 23 ஆம்பியரில், இறக்குங்கள். எந்தச் செல்லும் 1.0 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் 51 நிமிடம் தாங்க வேண்டும். 60 நிமிடத்தில் 85 சதவீதம்தான் 51. எல்லா ஜெனரேட்டரும் போன நிலையில் விமானி எவ்வளவு நேரம் பறக்கலாம் என்ற கணக்கு இந்த அளவை நம்பியே போடப்பட்டிருக்கிறது.

கடைசிப் பத்து நிமிடத்தில் மீட்டரை விட்டு நகராதீர்கள். மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 19 நல்ல செல் ஒரு கெட்ட செல்லை மறைத்துவிடும். 51 நிமிடத்தை எட்டவில்லை என்றால் படி 4-இலிருந்து ஒரு முறை முழுமையாகச் செய்து பாருங்கள். நீண்ட நாள் ஆழமாக இறங்காமல் இருந்த பேட்டரி பல நேரம் இரண்டாவது சுற்றில் மீண்டுவிடும்.

படி 9: கடைசி மின்னேற்றம், தாள், மாட்டுதல்

மறுபடி ஏற்றி, கடைசி நிமிடங்களில் மட்டம் சரிபார்த்து, ஆறியதும் வென்ட் கேப்களை இறுக்கி, இன்சுலேஷனை மறுபடி அளந்து, வெப்ப உணரியையும் தெர்மோஸ்டாட்டையும் சோதித்து, சி.ஏ. ஃபார்ம் 1 என்ற சான்றுத் தாளோடு வெளியிடுங்கள். அலமாரியில் காத்திருக்கும் ஸ்பேர் தானாகவே இறங்கும், வெப்பம் கூடினால் வேகமாக இறங்கும். ஸ்டோர் ரூம் குளிர்ச்சியாக இருக்கட்டும், அலமாரிக் கெடு முடிந்தால் மறுபடி ஏற்றாமல் கொடுக்காதீர்கள்.

லித்தியம் வந்தால்?

போயிங் 787-ல் பெரிய லித்தியம்-அயன் பேட்டரி வந்தது. செல்களும் பேட்டரியும் கியோத்தோவின் ஜி.எஸ். யுவாசா, மின்னேற்றக் கருவி அரிசோனாவின் செக்யூராபிளேன், மின்மாற்று அமைப்பு பிரான்ஸின் தாலெஸ். 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டனில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் ஏ.பி.யு. பேட்டரி தீப்பிடித்தது. ஜனவரி 16 அன்று இன்னொரு பேட்டரி புகைந்து ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனத்தின் விமானம் தகமாட்சுவில் அவசரமாக இறங்கியது. அன்றே எஃப்.ஏ.ஏ. அமெரிக்காவின் 787-களைத் தரையில் நிறுத்தியது. பாஸ்டன் நிகழ்வை விசாரித்த அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி., ஒரு செல்லுக்குள் ஏற்பட்ட ஷார்ட் பக்கத்துச் செல்களுக்கும் பரவியது என்று முடிவு செய்தது. அப்படிப் பரவலாம் என்பதை வடிவமைப்பிலேயே எதிர்பார்க்காத போயிங்கையும், அதைக் கண்டுபிடிக்காமல் சான்று கொடுத்த எஃப்.ஏ.ஏ.வையும் குறை கூறியது. திருத்தத்தில் மின்னேற்ற வரம்பைக் குறுக்கினார்கள், செல்களுக்கு நடுவே கூடுதல் இன்சுலேஷன் வைத்தார்கள், பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்துப் புகையை விமானத்துக்கு வெளியே விடும் குழாய் போட்டார்கள். ஏர்பஸ் தன் ஏ350-ஐ முதலில் நிக்கல்-காட்மியத்தோடுதான் சேவைக்கு அனுப்பியது.

ஷாப் வேலை லித்தியத்தில் வேறு மாதிரி. தண்ணீர் இல்லை, ஷார்ட் செய்வது இல்லை. செல்லுக்குள் கை வைக்கவே கூடாது. மேலே சொன்ன எந்தப் படியையும் அதில் முயற்சி செய்யாதீர்கள்.

மாட்டிய பிறகு ஓர் அளவீடு

நிக்கல்-காட்மியத்துக்கே திரும்புவோம். பேட்டரியை மாட்டி, ஜெனரேட்டர் ஓடும்போது டி.சி. பஸ் மின்னழுத்தத்தையும், பி.சி.எல். துண்டிக்கும் நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த மின்னோட்டத்தையும் அளந்து, பேட்டரியின் லாக் கார்டில் விமானப் பதிவெண்ணோடு எழுதச் சொல்லி, விமானத்தில் நேரடியாக வேலை பார்க்கும் லைன் ஆட்களிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த முறை அந்தப் பெட்டி உங்கள் மேசைக்கு வரும்போது, 20 செல்லின் தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டு எண்ணும் இருக்கும். டி.ஆர்.ஐக் கழற்றச் சொல்வதா, செல்லை மாற்றுவதா என்று அப்போது ஊகத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்காது.